நான் ஓம் சொன்ன சத்தியம்

இன்று காலை பேத்தி தன் வெள்ளைச் சட்டைக்கு ஸ்திரி போட்டாள். ஈரத்துணி சூட்டில் வேகும் அந்த மணம் எழுந்ததும் நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். டென்மார்க்கில், வைலே நகர முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நீ ஒரு முனையும் நான் மறுமுனையுமாக விரிப்பு மடித்த காலம் முழுதும் அந்த மணம்தானே.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நீ எவ்வளவு படித்தாய் என்று கேட்டதில்லை. இருவருடைய டேனிஷும் நொண்டிதான். ஆனாலும் மெக்சிகோவில் உன் யாக்கிச் சனத்தின் ஊரை நான் கண்ணால் கண்டவள் போலச் சொல்வேன். மூன்று அரசர்கள் குழந்தை யேசுவைக் காண வந்த நாளில், ஜனவரித் தொடக்கத்தில், ஊர்த்தலைவர்கள் மாறுவார்கள். பழையவர்கள் கோலைக் கொடுப்பார்கள். புதியவர்கள் தலை குனிந்து வாங்குவார்கள். உன் தகப்பனைத் தெரிவு செய்தபோது உன் தாய் அழுதாளாம். சத்தியம் செய்து வந்தவர் வழமைபோலச் சாப்பிட்டார், படுத்தார். உங்களைப் பார்த்த பார்வை மட்டும் வழிப்போக்கனுடையதாக இருந்ததாம்.

"அப்பாவின் சட்டைக்குள் வேறு யாரோ வந்தார்" என்றாய்.

அப்படி என்னதான் சத்தியம் என்று கேட்டேன். நீ விரிப்பைக் கீழே வைத்தாய். முதலில் உன் மொழியிலும் பிறகு டேனிஷிலும் வரி வரியாகச் சொன்னாய். இனி உனக்கு வெயில் இல்லை, இரவு இல்லை. குளிர் இல்லை, பசி இல்லை, நோய் இல்லை, சாவும் இல்லை. வீடும் இல்லை. நிறுத்திய இடத்தில் நிற்பது ஒன்றுதான் மிச்சம். சம்மதமா?

எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் கதையைச் சும்மா கேட்பதில்லை. மூச்சுக்கு மூச்சு ஆமென்று "ஓம், ஓம்" போட வேண்டும். இல்லாவிட்டால் சொல்கிறவருக்குக் கதை ஓடாது. உன் கடைசிக் கேள்விக்கும் நான் "ஓம்" போட்டுவிட்டேன்.

அந்தச் சொல் உனக்குத் தெரியும். உன் முகம் விரிப்பின் நிறத்துக்கு வந்தது.

"ஏன் பதில் சொன்னாய்? பதில் சொன்னவரை அது விடாது."

என்னை ஏற்கனவே ஊர்க் கந்தன் பிடித்தாயிற்று, இனி வேறொன்றுக்கு இடமில்லை என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சரி, நான் நிற்க வேண்டிய இடம் எது என்று கேட்டேன். பிறகு சொல்கிறேன் என்றாய்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னாய். உன் ஊர்ச்சனம் ஒருவரும் இல்லாத இந்த மண்ணில் தனியாகக் கிடக்கப் பயம் என்றாய்.

"நீ என் பக்கத்தில் நில். ஆள் மாற்றும்வரை."

நிற்கிறேன். ஆள் மாறும் அந்த நாளில் வருடா வருடம் உன் கல்லறைக்கு வருகிறேன். என்னை மாற்ற ஒருவரும் வருவதில்லை. முன்பு இந்த நாட்டுப் பனிக்குக் கம்பளிக்கு மேல் கம்பளி போட்டவள், இப்போது கையுறைகூடத் தேடுவதில்லை. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். ஒரு நோய் வருத்தமும் இல்லை என்று டாக்டர் மெச்சுகிறார். பேத்தி நகரசபைக்குத் தெரிவான அன்று வீடே அழுதது. எங்கள் பரம்பரையில் அவள்தான் முதல் ஆள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கண்ணீர் மட்டும் வரவில்லை. உன் அப்பாவின் பார்வை அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இன்று உன்னிடம் காரில் கூட்டி வந்ததும் அவள்தான். பதவி ஏற்கச் சத்தியம் செய்யவில்லையா என்று வழியில் கேட்டேன்.

"இல்லை அம்மம்மா, கோப்பியும் கேக்கும்தான்" என்றாள். பிறகு, மெக்சிகோவில் உன் சனத்துக்கு எப்படி என்று கேட்டாள்.

உன் கல்லுக்கு முன்னால் நின்று சொல்லத் தொடங்கினேன். பாதிப் பேச்சை டேனிஷில் பேசுகிற பிள்ளை, கதை கேட்கும்போது மட்டும் என்னைப் போல ஓம் போடுவாள். வெயில் இல்லை. ஓம். இரவு இல்லை. ஓம். பின்னால் சரளைக்கல்லில் யாரோ நடந்து வந்து நின்ற சத்தம் கேட்டது. அவளும் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

ஒரு கேள்விதான் மிச்சம். கேட்டு, அவள் ஓம் போட்டிருந்தால் ஆள் மாறியிருக்கும், நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவள் வாயைப் பொத்தினேன்.

"என்ன அம்மம்மா, உங்கட கை ஐஸ் மாதிரிக் கிடக்கு" என்று என் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். எனக்குக் குளிரும் தெரியவில்லை, அவள் கைச்சூடும் தெரியவில்லை. கதை அவ்வளவுதான் பிள்ளை என்றேன்.

அந்தக் கேள்வி என் வாய்க்குள்ளேயே கிடக்கிறது. அவளிடம் கேட்க மாட்டேன். வேறு எவர் பெற்ற பிள்ளையிடமும் கேட்க மாட்டேன். நான் நிற்கிறேன். நீ பயப்படாமல் படு.