ஹிராகுச்சிக்கு நான் கை கொடுக்கவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நம் தீவில் காற்று அடங்கியதா? இங்கே அகிதாவில் பனி கொட்டுகிறது. நான் நலம். தொலைக்காட்சியில் என் மூக்கைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், லேசான வீக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹிராகுச்சியின் அணியோடு மோதினோம். பதினைந்து வயதில் என்னை இளையோர் கால்பந்து அணியிலிருந்து நீக்கிவிட்டு, "இவன் காலு மரக்கட்டைம்மா, படகுல வலை இழுக்க அனுப்புங்க" என்று உங்களிடம் சொன்ன அதே பயிற்சியாளர்தான். அவருடைய முன்கள வீரனை நான் நகரவே விடவில்லை. கடைசி நிமிடத்தில் மட்டும் தப்பித்துக் கோலை நோக்கி உதைத்தான். அந்தப் பந்தையும் முகத்தால் தடுத்தேன். ஒரு கோலில் வென்றோம்.

ஆட்டம் முடிந்ததும் ஹிராகுச்சி கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"அன்னிக்கு நான் திட்டினதாலதானேடா மசஹிதே, இன்னிக்கு நீ இவ்ளோ பெரிய ஆளு?"

"இல்லீங்க. நீங்க திட்டின பிறகும் எங்கம்மா குனிஞ்சு வணங்கி உங்களுக்குக் கருவாட்டுப் பொட்டலம் குடுத்தாங்க. அவங்க திரும்பினதும் அதைக் குப்பைத்தொட்டியில போட்டீங்க. அதை நான் பாத்தேன்."

உங்களுக்கு இது இன்றுதான் தெரியவரும். நீட்டிய கையோடு அவரை நிற்கவிட்டு நடந்தேன். எங்களிடம் தோற்றதால் மறுநாள் அவருக்கு வேலை போய்விட்டது. பாவம் என்பீர்கள். எனக்கு இரண்டு கிண்ணம் சோறு கூடுதலாக இறங்கியது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். சமைக்கும்போது எனக்குப் போன் போட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பேச வேண்டாம், பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

பேருந்திலிருந்து கத்துகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
மசஹிதே