குதிகால் தடம்

மரியாதைக்குரிய மச்சான் பன்சூ அவர்களுக்கு,

உங்கள் தங்கை மசாங்காவின் கணவன் சகாலா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை அந்த வார்த்தையைத் தாண்டிப் போய்விட்டது. கின்ஷாசாவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பிய மாத்திரைகளும் கடிதமும் நனையாமல் வந்து சேர்ந்தன. கடிதத்தை மசாங்காவுக்குப் படித்துக் காட்டினேன், கடைசி வரியைத் தவிர. இந்த வெயில்காலம் முடிவதற்குள் அவள் குதிகால் ஊன்றி நடக்காவிட்டால் நீங்களே வந்து அவளை அழைத்துப் போய்விடுவதாக எழுதியிருந்தீர்களே, அந்த வரி. "அவ்வளவுதானா? எங்க அண்ணன் கோவமா ரெண்டு வரி எழுதாம கடுதாசிய முடிக்க மாட்டாரே" என்று கேட்டாள். தாள் அங்கே கிழிந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. மழை இன்னும் தலைகாட்டவில்லை. மரவள்ளி வாங்க லாரிகள் வந்தபடி இருக்கின்றன. கிழங்கை மூன்று இரவு ஊறவைத்தால்தான் விஷம் இறங்கும் என்று சுகாதார நிலைய நர்ஸ் முலேக்கா குளத்தங்கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள். ஒரே இரவில் எடுத்துக் காயப்போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கியேக்கா அவளிடமே கேட்டாள், "கெழங்கு ஊறுற வரைக்கும் லாரிக்காரன் எஞ்சின அணைச்சிட்டு என் வாசல்ல படுத்துக் கெடப்பானா?" என்று. விற்கிற கிழங்குதான் வீட்டுக்கும். மீனும் அவரையும் கிடைக்காத அந்த வருடம் முழுக்க அதைத்தான் தின்றோம். ஒரு நாள் காலையில் எழுந்த மசாங்காவுக்கு இரண்டு கால்களும் விறைத்துப் போயிருந்தன. நம் வீட்டுக் கிழங்கு இப்போது முழுதாக ஊறித்தான் வருகிறது. போன கால் அதனால் திரும்பிவிடாது.

இனி மாத்திரை விஷயம். நீங்கள் எழுதச் சொல்லிக் காத்திருப்பது இதைத்தான் என்று தெரியும்.

உங்கள் டாக்டர் எழுதித் தந்த தாளை முலேக்கா எனக்கு விளங்கச் சொன்னாள். மூளையிலிருந்து கால்களுக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்புகளைத்தான் அந்த விஷம் கெடுத்திருக்கிறதாம். அதனால் தசையிடம் "போதும், விடு" என்று சொல்ல ஆளில்லை. பிடித்தது பிடித்தபடியே நிற்கிறது. முதுகுத்தண்டுக்குள் நரம்பு முனைகளில் ஏற்பிகள் என்று சில இருக்கின்றனவாம். உடம்பில் சுரக்கும் ஒரு ரசாயனம் அவற்றில் போய் உட்கார்ந்தால், தசையை இறுக்கச் சொல்லும் செய்தியை அந்த முனை குறைத்துவிடும். நீங்கள் அனுப்பிய மாத்திரை அதே இடத்தில் போய் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறது. இவ்வளவையும் மசாங்கா கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் காலுக்குள்ள வாயடைக்க ஒரு ஆளு போகுது. உங்களுக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அரை மாத்திரையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். முதலில் தூக்கம் தூக்கமாக வந்தது. பிறகு, படுத்தால் தானாக வெட்டி வெட்டி இழுக்கும் கால்கள் அடங்கின. கூட்டப் பயப்படாதீர்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், இன்னும் கூட்டினோம். ஒரு நாள் காலையில் கியேக்கா வாசலில் நின்று கூப்பாடு போட்டாள். என்னவோ ஏதோ என்று ஓடினேன். மணலில் மசாங்காவின் பாதம் முழுதாகப் பதிந்திருந்தது. நுனிக்கால் மட்டும் கீறிக் கீறிப் போகிற தடத்தைத்தான் இத்தனை காலம் பார்த்திருக்கிறோம். இதில் குதிகாலும் இருந்தது. கோழி மிதித்துவிடப் போகிறது என்று கியேக்கா தன் அலுமினியச் சட்டியை அதன் மேல் கவிழ்த்து வைத்தாள். பெண்கள் குலவையிட்டு ஆடினார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் போய் அழுதேன், மச்சான். சொல்ல வெட்கமாக இல்லை.

அந்தச் சட்டியை எடுப்பதற்குள் அவள் விழுந்துவிட்டாள். தடியை ஊன்றி எழுந்தாள், முழங்கால் இரண்டும் மடங்கின. மறுபடி எழுந்தாள், மறுபடி விழுந்தாள். "இது காலா? கிண்டி எறக்குன மரவள்ளிக் களியாட்டம் கொழகொழன்னு கெடக்கு" என்று சிரித்தாள். மூன்றாவது முறை விழுந்தபோது சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு ஒதுங்கப் போவதற்குக்கூட நான் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அவளுக்கு உடம்பு நோவு பழகிவிட்டது. இது பழகவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க என்னைத் தூக்கல. இப்பத் தூக்குறீங்க பாருங்க, இதுக்கு" என்றாள். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்று தண்ணீரையே குறைத்துக்கொண்டாள். உதடு வெடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உங்களுக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் புறப்பட்டு வந்துவிடுவீர்கள் என்று இருந்துவிட்டேன். காட்டு வேலை, சமையல், அவளைத் தூக்குவது என்று பொழுது போய்விடுகிறது. எனக்கும் முதுகு முன்போல இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

முலேக்கா வந்து பார்த்தாள். அவளிடம் மசாங்கா நேராகவே கேட்டாள். "நான் இத்தன நாளா நின்னது எதுல? அந்த வெறப்புலதானே? அதையும் எடுத்துட்டா எதுல நிப்பேன்?" முலேக்கா கொஞ்ச நேரம் அவள் முழங்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ சொல்றதுதான் சரி. தொந்தரவு பண்ற இறுக்கம் எது, உன்ன நிறுத்துற இறுக்கம் எதுன்னு மாத்திரைக்குத் தெரியாது. ரெண்டையும் சேத்துத்தான் அவிழ்க்கும்" என்றாள். கால்களில் சொந்த பலம் மிச்சம் இருக்கிறவர்களுக்கு இறுக்கம் குறைந்தால் நடை சீராகுமாம். மசாங்காவுக்கு அந்த பலம் குறைவு. விறைப்பைத்தான் அவள் கட்டையாக்கி அதன் மேல் நின்றிருக்கிறாள்.

சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும் என்று டாக்டர் எழுதியிருந்ததை மறக்கவில்லை. முலேக்கா சொன்னபடி மெதுவாகக் குறைத்தோம். இப்போது படுக்கப்போகும்போது மட்டும் சிறிய அளவு. கால் வெட்டாமல் தூங்குகிறாள். விடிந்தால் விறைப்பு திரும்பி வந்துவிடுகிறது. அது திரும்பிய முதல் நாள் காலையில், எங்கோ போயிருந்த ஆள் வீடு திரும்பியதைப் போல இரண்டு தொடைகளையும் தட்டிக் கொடுத்தாள். தடியை ஊன்றி எழுந்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று உரச, நுனிக்காலில் தனியாகப் புதர்ப்பக்கம் போனாள். நான் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்து, "என்ன, வேடிக்கையா? போய் அடுப்பப் பாருங்க" என்று விரட்டினாள்.

கியேக்கா தன் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தடத்தை எப்போதோ காற்று மூடிவிட்டது.

ஆகவே மச்சான், அவள் குதிகால் ஊன்றி நடக்கவில்லை. இனியும் நடக்க மாட்டாள். மாத்திரையைக் குறைத்தது அவள் முடிவு, என் சம்மதம். கோபத்தை என் மேல் காட்டுங்கள். கின்ஷாசாவில் உங்கள் வீட்டில் நாற்காலியும் வைத்தியமும் உண்டு, தெரியும். அழைத்துப் போக உங்களுக்கு உரிமை உண்டு, அதுவும் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவளிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். கிழிந்ததாகச் சொன்ன அந்தக் கடைசி வரியை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். கடிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அண்ணன் வரட்டும். வந்து பாக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

வாருங்கள். லாரி மாமரத்தடியில்தான் நிற்கும். அங்கிருந்து எங்கள் வீடு தெரியும். உங்கள் தங்கை எதிர்கொள்ளப் புறப்படுவாள், வந்து சேர நேரமாகும். நடுவில் தடுமாறுவாள், நிற்பாள், மறுபடி வருவாள். நீங்கள் அண்ணன், மனசு கேட்காது. ஆனாலும் உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், ஓடி வந்து தூக்கிவிடாதீர்கள். மரத்தடியிலேயே நில்லுங்கள். அவள் வந்து சேரட்டும்.

உங்கள் வீடும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
சகாலா