ஜாமீன் கையெழுத்து

14 ஜூலை 2025, திங்கள்

வங்கியிலிருந்து ஃபோன். வீட்டுக் கடன் கிடைக்காதாம். என் சம்பளம் சரி, என் வீட்டுக்காரர் கனகராஜ் சம்பளம் சரி, என் கல்விக் கடனை எப்போதோ அடைத்துவிட்டேன், அதுவும் சரி. சரியில்லாதது என் தம்பி! குணாளன் தனியார் கல்லூரியில் சேர்ந்தபோது அவன் கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான். அவன் கட்டாமல் விட்ட பாக்கி இப்போது என் பேரில் வந்து நிற்கிறது.

பெர்மாஸ் ஜெயாவில் வாங்கப்போகிற வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று நேற்றுதான் நானும் கனகராஜும் சண்டை போட்டோம்.

15 ஜூலை

கனகராஜ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பேன்.

20 ஜூலை, ஞாயிறு

தம்போயிலிருந்து கோத்தா திங்கிக்குப் போனேன், அம்மா வீட்டுக்கு. தம்பித் துரை அப்போதுதான் எழுந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார். சொந்தக் காரில் ஆள் ஏற்றி ஓட்டுகிறான், அதுதான் பிழைப்பு.

"ஏன்டா கட்டல?"

"அலமாக், பொறு லா அக்கா. எலெக்‌ஷன் வரட்டும், தள்ளுபடி பண்ணிடுவாங்க."

போன எலெக்‌ஷனுக்கும் இதையேதான் சொன்னான். அதற்கு முந்தியதற்கும். நான் எகிறினேன். அவனும் எகிறினான்.

"நான் படிச்ச காலேஜையே இழுத்து மூடிட்டாங்க. அந்தப் பேப்பரக் காட்டினா எவனும் வேல தர மாட்டேங்கிறான். இல்லாத காலேஜுக்கு நான் எதுக்குக் கட்டணும்? சொல்லு!"

கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல். அம்மா வேறு, "விடும்மா, சின்னப் பையன்" என்கிறார். முப்பதைத் தொடப்போகிற சின்னப் பையன்!

27 ஜூலை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சதாசிவம் மாமா, கல்விக் கடனை எல்லாருக்கும் ரத்து செய்ய வேண்டும் என்று எதையோ அனுப்பியிருந்தார். ஆளாளுக்குக் கட்டைவிரல். எனக்கு வந்ததே கோபம் — அப்போ கட்டினவங்க எல்லாம் மடச்சிகளா? விடியுமுன் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்து, ஒரு புதுச் செருப்புக்குக்கூட யோசித்து யோசித்துக் கட்டினேனே, அதை யார் திருப்பித் தருவார்? அப்படியே எழுதிப் போட்டேன்.

மாமா பதில் போட்டார்: "நீ கஷ்டப்பட்டேங்கிறதுக்காக எல்லாரும் கஷ்டப்படணுமாம்மா?"

குழுவைவிட்டே வெளியேறிவிட்டேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் தள்ளுபடி வேண்டும். என் தம்பிக்கு மட்டும், இந்த வாரமே. நாளைக்கு அறிவித்தால் முதலில் கும்பிடுகிறவள் நான்தான். கும்பிட்டுக்கொண்டே வயிறும் எரியும். என்ன ஜென்மமோ நான்.

8 ஆகஸ்ட்

வீட்டை விற்கிறவர் அடுத்த மாதம் பாதி வரைதான் பொறுப்பாராம். குணாளனுக்கு ஃபோன் போட்டேன். பேசியதை எழுதவே கூசுகிறது. "உனக்குக் கையெழுத்துப் போட்ட என் கை வெளங்காமப் போகட்டும்டா. இனிமே எனக்குத் தம்பின்னு எவனும் கெடையாது."

திருப்பிக் கத்துவான் என்று இருந்தேன். "சரிக்கா" என்றான், வைத்துவிட்டான்.

26 ஆகஸ்ட்

அம்மா ஃபோன் செய்தார். குணாளன் காரை விற்றுவிட்டானாம். அந்தக் காசில் பாக்கியைக் கட்டி, மீதிக் கடனை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. எனக்கு ரசீதின் படம் அனுப்பியிருந்தான். கூட ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் காலேஜ் பற்றி அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் கட்டிவிட்டான். நான் சொல்லித்தான் கட்டினான்.

12 செப்டம்பர்

வீட்டுக் கடன் கிடைத்துவிட்டது. கனகராஜ் கேக் வாங்கி வந்தார். சாப்பிட்டேன்.

20 அக்டோபர், தீபாவளி

குணாளன் அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். ஆளே பாதியாகிவிட்டான். ஆட்டுக்கறிப் பிரட்டல் அவனுக்காகவே செய்திருந்தேன். சாப்பிட்டான், தட்டை அவனே கழுவி வைத்தான். என் வீட்டில் ஒரு நாளும் தட்டைத் தொட்டவன் இல்லை. போட்டது போட்டபடி எழுந்து போவான், நான் கத்துவேன், அவன் சிரிப்பான்.

"புது வீட்டுல உனக்குன்னு ஒரு ரூம் வெச்சிருக்கேன்டா, சாவி வந்ததும் வந்து தங்கு" என்றேன்.

"பரவாயில்லக்கா, ஆலையில லீவு கெடைக்காது."

அன்றைக்கு ஃபோனில் சொன்னது கோபத்தில் சொன்னதுடா என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அம்மா, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்.

கிளம்பும்போது அங்பாவ் உறையில் பணம் வைத்துக் கொடுத்தேன். கல்யாணம் ஆகாத தம்பி, எல்லாத் தீபாவளிக்கும் கொடுக்கிறதுதான். இந்தத் தடவை கொஞ்சம் கூடவே வைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கினான்.

"இதையும் சீக்கிரம் கட்டிடுறேன்க்கா" என்றான்.

கிண்டல் பண்ணுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.