டீக்குப் பிறகு தேர்தல்

சனிக்கிழமை, இரவு

எங்கள் ஆசிரியர் சங்கத்தில் பெண்களுக்காக நான் ஏற்பாடு செய்த தலைமைப் பயிற்சி இன்று முடிந்தது. கிளைச் செயலாளர் பதவிக்கு என் பெயரை முன்மொழிவதாகச் சவிதா சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

தேர்தலை வழக்கம்போல டீக்குப் பிறகுதான் வைத்தார்கள். சவிதா ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "மஞ்சுளா இருக்கா இல்ல, அவ உங்க பேரைச் சொல்லுவா" என்று கிளம்பிவிட்டாள். அடுத்து மஞ்சுளாவுக்கு வீட்டிலிருந்து போன். அவளும் போனாள். ஒவ்வொருத்தியாக என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பக்கத்திலேயே விஜயநகரில் வீடு, கையில் ஸ்கூட்டர். நான் மட்டும் இருந்தேன்.

பழைய செயலாளர் பெயரை யாரோ சொன்னார்கள். "வேற பேர் யாராவது சொல்றீங்களா?" என்று தலைவர் கேட்டார். நம் பெயரை நாமே சொல்லக்கூடாது என்பது சங்க விதி. திரும்பிப் பார்த்தேன். பெண்கள் வரிசை முழுக்கக் காலி நாற்காலி. பழைய செயலாளரே மறுபடியும் தேர்வானார்.

வாசலில் அவர் கன்னடத்தில், "அடுத்த பயிற்சியையும் நீங்களே பார்த்துக்கோங்க மேடம்" என்றார். தலையாட்டினேன். என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

இப்போது சவிதாவிடமிருந்து மெசேஜ்: "கங்கிராட்ஸ், செக்ரட்டரி மேடம்."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.