பகலில் தூங்கிய வீடு

அப்பா,

நாய்க்குட்டியின் தலையில் இன்னும் கராம்பு வாசனை அடிக்கிறது. சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டிப் பார்த்தும் போகவில்லை. இன்று பின்னேரம் பஸ் ஏறுவதற்கு முன் அதைத் தூக்கி அம்மாவின் கையில் கொடுத்தேன். தம்புள்ளைக்கு வந்து, இந்த வாடகை அறையில் பெட்டியை இறக்கி வைத்த பிறகும் அந்த வாசனை என் கையில் இருக்கிறது. காலையில் வேலை முடிந்து வந்து நீங்கள் ஆணியில் மாட்டும் காக்கிச் சட்டையின் வாசனை.

உங்களுக்கு இந்தக் குட்டியைத் தெரியாது. நீங்கள் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகுதான் அது பிறந்தது. நீங்கள் காவல் காத்த வாசனைச்சரக்கு ஸ்டோரில் மூட்டை நிறுப்பாரே, அந்த முஸ்லிம் நானாதான் ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்தபடி கொண்டுவந்தார்.

"தங்கச்சி, நான் தொடேலாது, நீங்களே எடுங்க. ஒங்க அப்பா சோறு போட்ட நாய்ட குட்டி இது."

தாய் நாய் இப்போதும் இரவானால் தானாகவே ஸ்டோரைச் சுற்றி வருகிறதாம். குட்டிகளும் அதன் பின்னால் ஓடுமாம். புதிதாக வந்த காவல்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை, போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அங்கே வேலை செய்வது அந்த நாய் மட்டும்தான் என்று சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பெட்டிக்குள் கையை விட்டுக் குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதே நியமனக் கடிதம் வந்திருந்தது. நான் தம்புள்ளைக்குப் போய்விட்டால் அம்மா தனி. குட்டி பழகிவிட்டால் நிம்மதியாகப் போகலாம் என்று நினைத்தேன்.

முதல் இரவு எல்லாக் குட்டிகளையும் போல அழுதது. போனில் பார்த்தபடி போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, பழைய துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். அழுகை நின்றது. ஆனால் அது தூங்கவில்லை. நடந்தது.

நீங்கள் லீவில் வீட்டில் இருக்கும் இரவுகளை நினைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தூக்கம் வராது. வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நடப்பீர்கள். முன்கதவை உள்ளங்கையால் ஒரு தரம் தள்ளிப் பார்ப்பீர்கள். பிறகு சாமிப் படத்துக்குப் பக்கத்து ஜன்னல், அடுத்தது குசினிக் கதவு, கடைசியாக என் ஜன்னல். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடியும் முன்கதவு. ஒருநாள் ஏனப்பா என்று கேட்டதற்கு, "பழக்கம் புள்ள, நீ தூங்கு" என்றீர்கள்.

குட்டியின் நகங்கள் தரையில் டிக் டிக் என்று கேட்கும். முன்கதவடியில் நிற்கும். பிறகு அந்த ஜன்னல். குசினிக் கதவு. என் ஜன்னலுக்குக் கீழே வந்து தலையைத் தூக்கி நிற்கும். பிறகு போய் உட்காரும். சற்று நேரத்தில் மறுபடியும் எழும்பும். சுற்றி வருவதைத் தாயிடம் பழகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நம் வீட்டுக் கதவுகளின் வரிசை ஸ்டோரில் பிறந்த குட்டிக்கு எப்படித் தெரியும்? படித்த பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதை மட்டும் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அம்மாவும் விழித்தே கிடந்தார். "நேத்தும் சுத்துச்சு" என்று காலையில் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். கண் மட்டும் குழி விழுந்துகொண்டே போனது. ஒருநாள் கூலிக்குக் கறுவாப்பட்டை சீவும் இடத்தில் கண் சொருகி, கத்தி வழுக்கிப் பெருவிரலைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்ததும், குட்டியை ஸ்டோருக்கே கொடுத்துவிடுவோம் என்றேன்.

"அது பாட்டுக்கு நடக்குது. ஒனக்கென்ன?"

"நீங்க தூங்கலியே அம்மா."

"இந்த வூட்ல யாரு ராத்திரில தூங்குனா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மாவை அப்படி விட்டுவிட்டு என்னால் போக முடியாது. போகாவிட்டால் வேலையும் இல்லை. இரண்டையும் யோசித்துக்கொண்டு மறுநாள் பகல் முழுக்க வீட்டில் இருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். குட்டி நீங்கள் பாய் விரிக்கும் இடத்தில், திரைச்சீலை மூடிய பின்னறையில் நீட்டிப் படுத்திருந்தது. அம்மா கட்டுப்போட்ட கையோடு சட்டி மூடியைச் சத்தமில்லாமல் தூக்கினார். கரண்டி கோப்பையில் படாமல் தேத்தண்ணீர் கலக்கினார். நான் வாயைத் திறக்கும் முன் கையால் அடக்கினார்.

"நைட்டு முழிச்ச ஒடம்பு. தூங்கட்டும்."

பிறந்ததிலிருந்து நான் தினமும் கேட்ட வார்த்தை அது. நீங்கள் போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் பகலில் கிசுகிசுத்தே பேசி வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியைத் தவிர வேறெந்தச் சத்தமும் நம் வீட்டுப் பகலுக்குள் வந்ததில்லை. உங்கள் தூக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துத்தான் நான் படித்தேன். பல்கலைக்கழகத்தில் பேச எழுந்தபோதெல்லாம், நேர்முகத் தேர்விலும்கூட, கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொன்னார்கள். வெட்கம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

குட்டியையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். பகலெல்லாம் அதைத் தூங்கவைத்து, பொழுது சாய்ந்ததும் வேலைக்கு அனுப்பியிருக்கிறோம்.

அடுத்த நாள் நல்ல வெயில் ஏறிய நேரத்தில் பின்னறைக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்தேன். ஜன்னலைத் திறந்தேன். "எழும்பு!" என்று கத்தினேன். அது என் குரல் போலவே இல்லை. குட்டி துள்ளி எழுந்தது. முற்றத்திலிருந்து அம்மா வாயில் விரலை வைத்தபடி ஓடிவந்தார்.

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். எதற்காக நின்றோம் என்று உங்களுக்குத் தெரியும். யாராவது எழுப்பிவிட்டால் நீங்கள் இருமுவீர்களே, அந்த இருமலுக்காக. அது வரவில்லை.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி. உங்களை நடு வீட்டில் கிடத்தியிருந்த அன்றும் பகல்தான், அப்பா. அன்றைக்கு அவர் சேலையை வாயில் அடைத்துக்கொண்டுதான் அழுதார். சுற்றியிருந்தவர்கள் கல்மனசுக்காரி என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே சத்தம். ரேடியோ பாடியது. குட்டியைத் தூங்கவிடாமல் முற்றத்தில் பழைய செருப்பைக் கட்டி இழுத்தோம். அம்மா அதைத் திட்டும் குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, விருந்தாளிகள் வந்திருக்கிறார்களா என்று விசாரித்தார். இரவில் குட்டி எழும்பினால் பேச்சுக் கொடுக்காமல் வெளியே விட்டு, மறுபடியும் அதன் இடத்தில் படுக்கவைத்தோம். நடை நாளுக்கு நாள் குறைந்தது.

ஓர் இரவு அது நடக்கவே இல்லை. அம்மா குறட்டை விட்டுத் தூங்கினார். எனக்குத்தான் விழிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே குட்டியைப் பார்த்தேன். அது கண்ணைத் திறந்தது. எழும்பவில்லை. தலையை மட்டும் தூக்கி முன்கதவைப் பார்த்தது. பிறகு தலை மெதுவாகத் திரும்பி, ஓர் ஆள் நடக்கும் வேகத்தில், சாமிப் படத்துப் பக்கம் போய் நின்றது. அங்கிருந்து பார்வை குசினிக்குப் போனது. கடைசியாக என் பக்கம், என் தலைக்கு மேலே ஜன்னலில் வந்து நின்றது. வால் தரையில் மெல்லத் தட்டியது. பிறகு முகத்தைக் காலுக்குள் புதைத்துக்கொண்டு தூங்கிப்போனது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

இந்த அறைக்கு ஒரு கதவும் ஒரு ஜன்னலும்தான். வெளியே மரக்கறி லொறிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. பக்கத்து அறைப் பெண் தாழ்ப்பாள் போட்ட கதவைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். பயப்படாதவள் போல இருக்கிறாயே என்று என்னிடம் சொன்னாள். நானும் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். தள்ளிப் பார்க்கவில்லை, அப்பா. நம் வீட்டில் அந்த வேலையை இதுவரை நான் செய்ததே இல்லை.