வலிக்குக் கெட்டி

30-8-15, ஞாயிறு. நல்ல வெயில்.
பர்வதமலை ஏறி இறங்கியாச்சு. அரிசி, எண்ணெய் எல்லாம் மேலே அன்னதானத்துக்குச் சமைக்கிறவர்களிடம் சேர்ந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் கால் போச்சு.

ஏகாம்பரத்தின் மகளுக்குப் பிள்ளை பிறந்ததற்கு அவன் வேண்டுதல் இது. விடாமல் மூன்று பௌர்ணமி, சுமையோடு. துணைக்கு நான். ஆளுக்குப் பதினைந்து கிலோ என்று பேச்சு. பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. என் பையிலிருந்த எண்ணெய் டின்னை அவன் தன் பையில் போட்டுக்கொண்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாறையில் இரும்பு அடித்து வைத்த கடப்பாறைப் படிக்குக் கொஞ்சம் கீழே சட்டென்று திரும்பி, பின்னால் வந்த ஆளைத் திட்டினான், எதற்குக் காலில் கல்லால் அடிக்கிறாய் என்று. அந்த ஆள் கையில் கற்பூரப் பொட்டலம்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கும்போது குச்சி ஊன்றி வந்தான்.

இன்னும் புரட்டாசி, ஐப்பசி பாக்கி.

31-8, திங்கள். புழுக்கம்.
கக்கூஸில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு செல்வி, "கயிறு போடட்டுமா?" என்கிறாள். கட்டின பெண்டாட்டி.

கடையில் விற்றது மெத்தை 2, தலையணை 6. ஏகாம்பரம் உறை தைக்க வந்துவிட்டான். மெஷினை இடது காலாலேயே மிதித்தான். கேட்டால், "ஒண்ணுமில்ல மொதலாளி." கடையில் மொதலாளி, மலையில் டா. 93-இல் ஒரு மெஷினோடு திண்டிவனத்தில் கடை போட்டதிலிருந்து அப்படித்தான்.

மெத்தை வாங்க வந்த பி.டி. மாஸ்டர் ஒருவர் என் நடையைப் பார்த்துச் சொன்னார்: சுமை தூக்கி மலை ஏறுகிறவர்கள் ஃபோம் ரோலர் வைத்திருப்பார்களாம். தரையில் போட்டு, மேலே காலை வைத்து உருட்டினால் சதை இளகுமாம். பைக்குள் போகிற அளவிலும் உண்டாம். இத்தனை வருஷம் ஃபோம் விற்கிறேன், எனக்கே தெரியாது. பக்கத்து ஹார்டுவேர் கடையில் ரோலர் கேட்டேன். பெயின்ட் அடிக்கிறதை நீட்டி, "சுவருக்கா, கதவுக்கா?" என்றான். காலுக்கு என்று சொல்லவில்லை. ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான்.

1-9, செவ்வாய்.
விழுப்புரம். உறைத் துணி 4 பீஸ். ஜிப் ஒரு ரோல். செல்விக்கு மூக்குக் கண்ணாடி (மறந்தேன்).

விளையாட்டுச் சாமான் கடையில் உருளை நாலு விதம்:
வெள்ளை. இரண்டடி. கட்டைவிரலால் அமுக்கினேன், குழி எழவில்லை. பார்சல் கட்டுகிற ஃபோம். ஒரு மாசத்தில் சப்பை. பையிலும் அடங்காது.
குச்சி மாதிரி, மணி கோர்த்தது. எடை இல்லை. கை வலிக்கத் தேய்க்க வேண்டும். வேண்டாம்.
நீலம். ஒரு அடி, வழவழப்பு. ரப்பர் செருப்புக்குப் போடும் சரக்கு. அமுக்கினால் மெல்ல எழுகிறது.
கறுப்பு. ஒரு அடி, மேலே முட்டு முட்டாக. உள்ளே குழாய், அதில் துண்டும் டார்ச்சும் செருகலாம். விரல் இறங்கவே இல்லை.

முதலில் மெத்தென்று ஆரம்பிக்கச் சொன்னார் கடைக்காரர். எனக்கா மெத்தையைப் பற்றிச் சொல்வது? முதுகுவலி என்று வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: வலிக்குக் கெட்டி. அந்த வார்த்தையில்தான் கடை மாடி எழும்பியது.

எனக்கு நீலம். ஏகாம்பரத்துக்கு வலி அதிகம், அவனுக்குக் கறுப்பு. விலையும் அதற்குத்தான் கூட. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பெருமையாக வந்தேன்.

2-9, புதன்.
மதியம் கடைப் பின்பக்கம் பாய் போட்டு இருவரும் உருட்டினோம். எனக்குச் சுகம். அவனுக்கு நெற்றியில் வியர்வை. வலிக்குதா என்றேன். "லைட்டா." வலித்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம், இன்னும் அழுத்து என்றேன். அழுத்தினான். கால் மணி நேரம் நானே கடிகாரம் பார்த்தேன்.

3-9, வியாழன்.
என் கால் தேவலை. ஏகாம்பரம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. லாட்ஜ்காரருக்கு இன்று எட்டு உறை தருவதாகச் சொல்லியிருந்தேன். மனசுக்குள் அவனைத் திட்டினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

4-9, வெள்ளி. தூறல்.
மேம்பாலத்துக்கு அந்தாண்ட அவன் வீடு. கால் கெண்டை வீங்கி, கன்றின நீலம் குதிகால் வரை இறங்கியிருக்கிறது. அவன் பெண்டாட்டி பச்சையம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "மொதலாளி ஆசையா வாங்கியாந்து குடுத்தாரு, வேணான்னு எப்டி சொல்றதுன்னு உருட்டிக்கினு கெடந்துக்கிறாருங்க."

கார் வைத்து விழுப்புரம் கூட்டிப்போனேன். எலும்பு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, கல்லடி பட்ட மாதிரி இருந்ததா என்று. மலையிலேயே சதை கிழிந்திருக்கிறது. ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, ஆடாமல் விட்டிருந்தால் சீக்கிரம் ஆறியிருக்கும். அலுத்த காலுக்குத்தான் உருளை, கிழிந்த காலுக்கு இல்லையாம். உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. மெஷின் மிதிக்க ஆறு வாரம் ஆகும். புரட்டாசி மலை கிடையாது.

"இதுமேல யாருங்க உருட்டுனது?"

நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன்.

"நானேதான் சார்," என்றான் ஏகாம்பரம். "புத்தி இல்லாம."

கார் அவன் வீட்டு வாசலில் நின்றது. இறங்கும்போது, "வர்றேங்க மொதலாளி." கடையிலும் அவன் இந்த 'ங்க' போட்டதில்லை.

6-9, ஞாயிறு.
கடை லீவு. அவன் மெஷினில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் கெண்டை பிடித்தது. அவன் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்.

எண்ணெய் டின் நாலு கிலோ. அதுவும் என்னுடையது. கல்லடி என்று கத்தினான், சிரித்தேன். இடது காலால் மிதித்தான், பார்த்தேன். கடைக்காரர் சொன்னார், கேட்கவில்லை. மெத்தையை விரலால் அமுக்கினால் தெரியும். ஆளை?

நானேதான் உருட்டச் சொன்னேன் என்று டாக்டரிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

8-9, செவ்வாய். காலையில் மழை, பிறகு வெளுத்தது.
டாக்டரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் ஆறின பிறகு லேசாக உருட்டலாம், வழவழப்பானதில் மட்டும் என்றார். திரும்பும் வழியில் அவன் வீடு. பச்சையம்மாள் எதிரிலேயே சொன்னேன், தப்பு என்னுது என்று. வேண்டுதல் அறுந்ததும் என்னால்தான் என்று.

கட்டுப் போட்ட காலைப் பாயில் மெதுவாக நகர்த்தி வைத்தான்.

"உருளைய மலையில குடுத்திருந்தா அப்பவே போடான்னு தூக்கி எறிஞ்சிருப்பேன். கடையில குடுத்துட்ட. நான் இன்னாடா பண்றது?"

அந்த 'டா'வுக்குப் பிறகுதான் டீ வந்தது. அப்புறம் பேசி முடித்தது:

ஆறு வாரமும் கூலி உண்டு. மெஷினுக்கு மோட்டார், கடைச் செலவு. கறுப்பு உருளை திரும்பிப் போகிறது, கடைக்காரர் எடுக்காவிட்டால் என் நஷ்டம். நீலம் அவனுக்கு. தைப் பௌர்ணமியிலிருந்து வேண்டுதல் மறுபடி முதலிலிருந்து, மூன்று நடை. முப்பது கிலோவும் என் முதுகில், எண்ணெய் டின் உட்பட. அவன் கையில் தண்ணீர் பாட்டிலும் உருளையும் மட்டும். அவன் வலிக்குது என்றால் அந்த இடத்திலேயே இறக்கி வைக்க வேண்டும், கடையானாலும் மலையானாலும்.