சங்குக்கப்பலை எந்த வரிசையில் படிப்பது

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துத் தேய்த்து காயவைத்து மகிழைப் பள்ளிக்கு அனுப்பினேன். கோரிமேட்டு மருந்துக் கடையில் மதியம் வரை கூட்டம். பில் போட்டே விரல் மரத்துவிட்டது.

வரும் வழியில் தெரேஸ் மதாம் வீடு. முன் அறையில் புத்தகங்களை அடுக்கி வாடகைக்கு விடுகிறார். சங்குக்கப்பல் தொடரில் மீதி இருப்பதை வாங்க. பதினொரு வயதில் என் மகளுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது. அந்தப் புத்தகம் இல்லாமல் சோறு இறங்காதாம்.

பெரிய தலைவலி வரிசைதான். பதிப்பகத்தார் மூன்றாவதை முதலில் போட்டார்கள். பிறகு ஒன்று, இரண்டு. நான்குக்கு அப்புறம் திடீரென்று முன்கதை என்று ஒன்று. மதாம் சொன்னது: "வந்த வரிசையிலயே படிங்க. நம்பரப் பாக்காதீங்க. நம்பர் போட்டவனுக்கே தலையும் புரியல வாலும் புரியல."

வாங்கியது: முன்கதை, 5. ஆறாவது வெளியே போயிருக்கிறது.

ஐந்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கப்பல் முழுகிப்போகிறது. குட்டி கேப்டன் வலம்புரியும் ஆட்களும் கடலுக்கு அடியில். அதோடு முடிந்தது. ஆறு கையில் இல்லாமல் இதை எப்படித் தொடங்குவது? எங்கள் வீட்டில் புராணம் வாசித்தால்கூட, யாராவது அழுதுகொண்டிருக்கும் இடத்தில் மூடமாட்டார்கள். அவர்களுக்கு ஒரு நல்லது நடக்கும் வரை வாசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அதுவும் இவள் வாசிப்பது தனக்காக மட்டுமா? சேகருக்கும்தானே. சரக்குக் கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடும் மனுஷன். கரை பக்கம் வந்தால்தான் நெட். இவள் தினம் ஓர் அத்தியாயம் வாசித்து அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். அவர் மொத்தமாகக் கேட்பார். கடலில் இருக்கிறவருக்குக் கப்பல் முழுகுகிற கதை எதற்கு?

என் வரிசை: 3, 1, 2, 4, முன்கதை. ஐந்தைப் பரண்மேல் போட்டேன். ஆறு கிடைத்ததும் இரண்டையும் சேர்த்து இறக்கிக்கொள்ளலாம்.

நவம்பர் 6, வியாழன்

மழை. சாரம் ஏரியாவில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். செருப்பு ஒன்று போச்சு.

சேகரிடமிருந்து ஒன்றும் இல்லை. அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக். ஏஜென்ட் ஆபீஸில் ஒரு பையன்: "புயல் பக்கம் சிக்னல் இருக்காது மேடம். கப்பலுக்கு ஒண்ணும் இல்ல. இருந்தா சொல்லுவோம்." சொல்லுவார்களாம்!

மாலை மகிழ் சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா இப்ப கீழ இருக்காரும்மா."

"எங்கடி கீழ?"

"கப்பலோட. எல்லாரோடயும்."

பரணைப் பார்த்தேன். ஐந்தாவது இல்லை. அவள் தலையணை அடியில் இருந்தது. நான் கடையில் இருந்தபோதெல்லாம் வாசித்து வாசித்து அனுப்பியிருக்கிறாள், கடைசி அத்தியாயம் வரை. முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

நவம்பர் 8, சனி

காலையில் மகிழ் போனை நீட்டினாள். ஐந்தின் கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் இரண்டு டிக். மைக் படம் நீலம். கேட்டுவிட்டார்! அதற்கு முந்தியது எல்லாம் இன்னும் ஒற்றை டிக்கில் கிடக்கிறது. இருக்கட்டும். உயிரோடு இருக்கிறார். சாமி படத்துக்கு முன்னால் நின்று சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

உடனே போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. மறுபடி. கேட்கிற ஆளுக்கு ஒரு வார்த்தை அனுப்பத் தெரியாதா?

"மேல வர்ற கதைய அனுப்பினாத்தான் பேசுவாரு," என்கிறாள். "அந்த மாதிரி எடத்துல நிறுத்திட்டோம்ல."

அதட்டினேன். ஆனால் அவள் சொன்னது எங்கள் வீட்டு வழக்கம்தானே. மதாமுக்கு போன் செய்தேன். ஆறாவதை வைத்திருப்பவர் நோணாங்குப்பத்தில்.

நவம்பர் 9, ஞாயிறு

மேகம். மழை இல்லை. வண்டியில் இரண்டு பேரும் போனோம். போட் ஹவுஸுக்குக் கொஞ்சம் தள்ளி வீடு. அந்த அம்மா கொடுக்கவே மனசில்லாமல் கொடுத்தார்.

"இன்னிக்கே திருப்பிக் குடுத்துடணும். எம் பையன் பாதியில இருக்கான். கேட்டு ஒரே ரகள."

அவர்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்தோம். மகிழுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் நானே வாசித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. முதல் அத்தியாயம் அனுப்பினேன். இரண்டு டிக். நீலம். நான் அடுத்த பக்கம் திருப்புவதற்குள். அடுத்ததும் அப்படியே. வலையைப் போட்ட கையோடு இழுக்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் "சேகர், பேசுங்க" என்று எழுதினேன். அதற்கு மட்டும் ஒற்றை டிக்.

நீலமானால் சந்தோஷப்பட வேண்டியவள், போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

வலம்புரி பாறையைப் பிடித்துக் கரையேறுகிறாள், அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தினேன். நல்ல இடம். பாதிப் புத்தகம்தான் ஆகியிருந்தது. இருட்டிக்கொண்டு வந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். மகிழ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில்! துணி மலை போல. எல்லாவற்றையும் மாடியில் போட்டேன்.

பதினோரு மணி வாக்கில் தெரியாத நம்பர். சேகர் குரல். கடைக்கு நடுவில் ஓவென்று அழுதுவிட்டேன். ஊசி வாங்க வந்த பெரியவர் எனக்குத் தண்ணீர் கொடுக்கிறார்.

"ஏய், எதுக்குடி அழுவுற? நல்லாத்தான் இருக்கேன். கப்பல் ஆடுன ஆட்டத்துல போன் கடல்ல போயிடுச்சி. இது செகண்ட் இன்ஜினியர் போன்."

"எப்ப?"

"புயல் ஆரம்பிச்ச அன்னிக்கே. போன வாரம் திங்கக்கெழம. ஏன், எதாவது அனுப்புனியா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ.

"மகிழ்கிட்ட சொல்லு. நாலாவதோட நிக்கிறேன். அஞ்சாவது நான் வந்ததும் வாசிக்கட்டும்."

இவர் நல்லபடியாக இருக்கிறார். அது போதும். அது போதும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் வாசிக்க வாசிக்கக் கேட்டது யார்?

நவம்பர் 12, புதன்

லீவு போட்டேன். தலைவலி என்று சொல்லி.

காலை டிபன் நேரத்தில் சேகரின் பழைய நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். மகிழ் நான் தடுப்பதற்குள் போட்டுவிட்டாள். பேச்சு இல்லை. தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. நிறையப் பேர் ஒரே இடத்தில் மூச்சுவிடுவது மட்டும். கூத்து தொடங்கும் முன்பு கூட்டம் அடங்குமே, அந்த மாதிரி.

நம்பரை பிளாக் செய்தேன். இட்லி வைத்தேன். மறுபடி வந்தது.

"நீ நிறுத்துனது நல்ல எடம் இல்லம்மா," என்றாள் மகிழ்.

"ஏண்டி? அவதான் கரையேறிட்டாளே."

"அவ மட்டும்தான ஏறுனா? மத்தவங்கல்லாம் இன்னும் அடியிலயே இருக்காங்க."

உண்மைதான். என் மனுஷன் வந்தால் போதும் என்று வாசித்தவள், மற்றவர்களை எண்ணிப் பார்க்கவே இல்லை. நோணாங்குப்பத்துக்கு போன் செய்தேன். பையன் பள்ளிக்கே புத்தகத்தைக் கொண்டுபோய்விட்டானாம். சாயங்காலம்தான் கிடைக்கும்.

இதை எழுதும்போதே மணி அடிக்கிறது. இப்போது மெசேஜ் இல்லை, கால். எடுக்காதே என்று கத்தினேன். எடுத்துவிட்டாள். என்னைப் பார்த்து வாயில் விரல் வைக்கிறாள்.

"சொல்றேன், சொல்றேன். புக்கு இல்ல, நானே சொல்றேன். மொதல்ல எல்லாரும் ஒக்காருங்க."